பேப்பர் போடுவதற்கு முன்

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் போடச் சொல்றாங்க."

பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். வயது 29, ஐந்தாம் மாதம். எங்கள் தெருவில் வளர்ந்த பெண், அதனால் நான் அவளுக்கு அக்கா. மூன்று வாரத்துக்கு முன் ஸ்கேன் முடிந்ததும் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். வாழ்த்தினார்கள், கேக் வெட்டினார்கள். அடுத்த வாரமே புராஜெக்டிலிருந்து எடுத்து, வேலை எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் எச்.ஆர். கூப்பிட்டது. "பெர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னு நாங்க டெர்மினேட் பண்ணா உங்க கெரியருக்குத்தான் கஷ்டம். நீங்களே ரிசைன் பண்ணிட்டா நல்ல ரிலீவிங் லெட்டர் தந்துடுவோம்."

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். பதினோரு வருடம் மனிதவளத் துறையில் இருந்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதையே இரண்டு பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி போகும்போது எனக்கு நன்றி சொன்னாள். அது இன்னும் உறுத்துகிறது.

அன்று இரவு இவள் கேட்டது ஒன்றுதான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடவா, பணம் கேட்டுப் பேரம் பேசவா, லேபர் ஆபீஸுக்குப் போகவா, கேஸ் போடவா? நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த வழிகளில் போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இன்று இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக.

கையெழுத்து எதைப் பறிக்கிறது

தனியார் வேலையில் சாதி, மதம், வயது, பாலினம் என்று எல்லாப் பாகுபாட்டையும் ஒரே குடையின்கீழ் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்படி ஒரு குடை. இங்கே அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவும் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடும் அரசு வேலையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. தனியாரில் தனித்தனித் துண்டுகளாகத்தான் பாதுகாப்பு: மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017 சட்டம், திருநர்களுக்கு 2019 சட்டம். இந்தத் துண்டுகளில் ரொம்பப் பழையதும், ஓரளவு பல் உள்ளதும் கர்ப்பிணிகளுக்கானது.

மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தம் 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கியது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, பாதுகாப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அந்தப் பாதுகாப்பை நிதானமாகப் படித்தால் அதில் இரண்டு அடுக்கு இருப்பது தெரியும். விடுப்பில் இருக்கும்போதோ, விடுப்பு எடுத்ததற்காகவோ வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். இது முதல் அடுக்கு, நாற்காலியைக் காப்பது. விடுப்புக்குப் போகும் முன்பே, கர்ப்பகாலத்தில் எப்போது நீக்கினாலும், 26 வாரச் சம்பளத்துக்கான உரிமை போகாது. கடும் ஒழுங்கீனம் என்று எழுத்தில் ஆணையிட்டால் மட்டும்தான் அதை மறுக்க முடியும். இது இரண்டாவது அடுக்கு, பணத்தைக் காப்பது. ஐந்தாம் மாதத்தில் நிற்கும் பெண்ணுக்கு நிச்சயமாகக் கைக்கு எட்டுவது இந்த இரண்டாவதுதான். நாற்காலிக்கு அவள் வேறு இடத்தில் போராட வேண்டியிருக்கும்.

இரண்டு அடுக்குமே நீக்கப்பட்டவளைப் பற்றித்தான் பேசுகின்றன. தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவளைப் பற்றிப் பேசவில்லை. எச்.ஆர். அந்தக் காகிதத்தை நீட்டுவது இதற்காகத்தான். மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று பின்னால் வாதாடலாம், சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிப்பது அவள் பொறுப்பாகிவிடும். சாத்திய கதவுக்குள் நடந்த பேச்சுக்கு யார் சாட்சி?

யாரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பிரசவச் செலவை ஏற்கும் கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் புதிதாகப் பாலிசி எடுத்தால் இந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது. சிசேரியன் என்றால் அந்தப் பணம் முழுக்க வீட்டிலிருந்து போகும். பேப்பர் போடச் சொன்ன அந்த அறையில் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது என்ற வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வேறு நல்ல வேலை கையில் இருந்து, தானே போக விரும்பினால் அது வேறு கதை.

முதலில் ஒரு மின்னஞ்சல்

எந்த வழியில் போனாலும் முதல் படி இதுதான், செலவும் இல்லை. நிறுவன முகவரியிலிருந்து எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல், சொந்த முகவரிக்கு ஒரு நகல். இன்ன தேதியில் கர்ப்பத்தைத் தெரிவித்தேன், இன்ன தேதியில் புராஜெக்டிலிருந்து எடுத்தார்கள், இன்ன தேதியில் ராஜினாமா செய்யச் சொன்னார்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை, இன்ன தேதி முதல் மகப்பேறு விடுப்பு வேண்டும். மருத்துவரின் சான்றை இணைக்க வேண்டும். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகளும் வேண்டாம். தேதிகள் போதும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும். வாய்ப்பேச்சாக இருக்கும்வரை அது மேலாளருக்கும் எச்.ஆருக்கும் இடையிலான விஷயம். எழுத்தில் வந்ததும் நிறுவனத்தின் சட்டத் துறைக்குப் போயாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "அவங்க சொல்றதுக்கு முன்னாடி இருந்த அப்ரைசல் ரேட்டிங் என்ன?" நல்ல ரேட்டிங் வாங்கிய பெண் கர்ப்பத்தைச் சொன்ன மறுவாரமே திறமை இல்லாதவளாகிவிட்டாள் என்று எந்த வக்கீலும் வாதாட விரும்பமாட்டார். அதனால் பழைய அப்ரைசல் (வருடாந்தர வேலை மதிப்பீடு), பாராட்டு மின்னஞ்சல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கம்பெனி கணினியில் உள்நுழைவு இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் தகவல் எதையும் தொடக்கூடாது. அதையே காரணமாக்கி ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள்.

இந்த வழியின் குறை, அதே இடத்தில் அதே முகங்களோடு இன்னும் நான்கு மாதம் இருக்க வேண்டும் என்பது. யாரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். உடம்பு தாங்கவில்லை என்று இந்தக் கட்டத்திலேயே விட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பேரம்

நிறுவனம் எப்படியும் அனுப்பப்போகிறது, அவளுக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் பேரம் தப்பான வழியே இல்லை. தப்பு எங்கே நடக்கிறதென்றால், கேட்க வேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தலையாட்டிவிடுவதில்.

கணக்கு 26 வாரச் சம்பளத்திலிருந்து தொடங்க வேண்டும். அது அவர்கள் தரும் சலுகை இல்லை, நீக்கினாலும் தரவேண்டிய தொகை. அதற்கு மேல் நோட்டீஸ் காலச் சம்பளம், பிரசவம் முடியும்வரை காப்பீட்டைத் தொடர்வது, தகுதி இருந்தால் பணிக்கொடை, ரிலீவிங் கடிதத்தில் எந்தக் குறையும் இல்லாத வாசகம். எல்லாம் ஒரே ஒப்பந்தமாக எழுத்தில் வரவேண்டும், ராஜினாமாவும் பணமும் ஒரே நாளில் கைமாற வேண்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலை முடிந்த இரண்டு வேலைநாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்தாக வேண்டும். "செட்டில்மென்ட் 45 நாள்ல வரும்" என்ற பழைய பாட்டுக்குச் சம்பளத்தைப் பொறுத்தவரை இப்போது இடமில்லை.

வேகத்தில் இதற்கு நிகரில்லை, இரண்டு வாரத்தில் முடியும். ஆனால் எதைப் பற்றியும் வெளியே பேசக்கூடாது என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். அடுத்து அங்கே கர்ப்பமாகும் பெண்ணுக்கு இவள் கதை தெரியாமல் போகும். அவளும் முதல் ஆளாகவே அந்த அறைக்குள் நுழைவாள்.

லேபர் ஆபீஸ்

என் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற வழி இது. ரொம்பக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். ஐ.டி. கம்பெனிக்கெல்லாம் லேபர் ஆபீஸா என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. தொழிலாளர் சட்டங்கள் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் உண்டு, அங்கிருப்பவர்கள் சங்கமும் வைக்கலாம் என்பதை 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவாக்கிவிட்டது.

கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மகப்பேறு பணத்தை மறுத்தார்கள், அல்லது விடுப்பைக் காரணமாக வைத்து நீக்கினார்கள் என்று ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர் நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்து, பணத்தைக் கொடுக்கச் சொல்லி ஆணையிடலாம். நீக்கல் ஆணை கைக்கு வந்த 60 நாளுக்குள் சட்டம் குறிக்கும் அதிகாரியிடம் மேல்முறையீடும் செய்யலாம். அறுபது நாள் நீளமாகத் தோன்றும். வாந்தியும் மயக்கமும் ஆஸ்பத்திரியுமாக இருப்பவளுக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆணை வந்த தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

இங்கே வக்கீல் கட்டாயமில்லை. வேண்டும் என்றால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஐம்பதாயிரம் சம்பளம் வாங்கும் பெண் இலவச உதவி கேட்கக் கூச்சப்படுகிறாள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை.

துறையின் நோட்டீஸ் ஒன்று நிறுவனத்தின் வரவேற்பறைக்கு வந்து சேருவதற்கே ஒரு எடை உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை அப்படி வந்தது. மூன்று வாரமாக "பாலிசிப்படி முடியாது" என்று இருந்த தொகை நான்கு நாளில் வங்கிக் கணக்கில் ஏறியது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விடுப்புக்கு முன்பே நீக்கப்பட்டவளுக்கு இந்த வழி நிச்சயமாகத் தருவது பணத்தை. வேலையைத் திரும்ப வாங்கித் தருவது இங்கே சுலபமில்லை.

லேபர் கோர்ட்டும் ஹைகோர்ட்டும்

நாற்காலிதான் வேண்டும் என்பவர்கள் தொழில் தகராறாக எழுப்ப வேண்டும். முதலில் சமரச அதிகாரி. அங்கே 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்கு, பேச்சுவழக்கில் லேபர் கோர்ட்டுக்கு, போகலாம். எதற்கும் இரண்டு வருடத்தைத் தாண்டவிடக்கூடாது. டெஸ்டிங், கோடிங், அக்கவுண்ட்ஸ் என்று வேலையைத் தாங்களே நேரடியாகச் செய்பவர்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது, சம்பளம் எவ்வளவு ஆனாலும். மேலாளர் பதவியில் இருப்பவருக்குத் திறக்காது. மேற்பார்வை வேலை பார்த்து 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்கும் திறக்காது. சிலர் பதவிப் பெயரில் மட்டும் "லீட்" இருக்கும், செய்வதெல்லாம் மற்றவர் செய்யும் அதே வேலைதான். அவர்கள் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு.

வாய்தா மேல் வாய்தா விழும். தீர்ப்பு வரும்போது குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம்.

ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவது பெரும்பாலும் அரசு, பொதுத்துறை வேலையில் இருப்பவர்களுக்கான வழி. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. 2023இல் டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றின் ஒப்பந்த மருத்துவருக்கு, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பலன் உண்டு என்றது. 2025 மே 23இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவியின் வழக்கு. இரண்டாவது திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டார். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2021இல் கேட்ட விடுப்பு அது.

தனியாரில் ஹைகோர்ட் எட்டாத தூரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015 ஜனவரியில் சென்னையின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்று ஆட்குறைப்பு செய்தபோது, கர்ப்பிணி ஒருவர் போட்ட மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அப்போது ஊரே அந்த ஆட்குறைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சூழல் வாய்க்காது.

பலர் தவறாகத் தட்டும் இரண்டு கதவுகள். அலுவலகத்தின் உள் புகார்க் குழு பாலியல் தொல்லைக்கானது. கர்ப்பத்தைப் பற்றி ஆபாசமாகப் பேசியிருந்தால் போகலாம், வேலை நீக்கத்துக்கு அது இடமில்லை. மகளிர் ஆணையம் நிறுவனத்தை அழைத்து விசாரிக்கும், பரிந்துரைக்கும். அதன் பரிந்துரை நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. இரண்டையும் பக்கத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

பணம் கிடைக்கிறது, இடம் கிடைப்பதில்லை

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்று. நம் சட்டங்கள் பணத்தை வாங்கித் தருவதில் சுமாராகவாவது இருக்கின்றன. வேலையில் இருக்கவைப்பதில் ரொம்பப் பின்தங்கியிருக்கின்றன. ராணுவச் செவிலியர் சேவையில் இருந்த செலினா ஜான், திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் வெளியேற்றப்பட்டவர். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க வைத்தது. முப்பத்தாறு வருடம் கழித்து வேலையைத் திருப்பித் தர வழியில்லை, பணத்தைத்தான் தர முடிந்தது. அந்த முப்பத்தாறு வருடமும் அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் இல்லை. டைவர்சிட்டி, அதாவது பன்முகத்தன்மை, என்று நிறுவனங்கள் சுவரில் ஒட்டும் வார்த்தையின் அர்த்தம் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதானே?

ஏன் இப்படி என்று யோசித்தால் செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு வந்து நிற்கிறேன். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு மகப்பேறுப் பணத்தைத் தருகிறது. அதற்கு முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். ஆண், பெண் எல்லோருக்கும் கட்டுகிறார்கள், அதனால் பெண்ணை எடுத்தால் கூடுதல் செலவு என்ற பேச்சு எழுவதில்லை. 21,000க்கு மேல் போனால் 26 வாரச் சம்பளமும் அந்த ஒரு நிறுவனத்தின் கணக்கில். இருபது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி திருமணமான பெண்ணை நேர்காணலிலேயே கழித்துவிடுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. தனிப்பட்ட முதலாளி மேல் இந்தச் செலவைச் சுமத்தாதீர்கள், காப்பீடாகவோ பொது நிதியாகவோ பகிருங்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. அந்த மாற்றம் வந்தால் பாதி வழக்குகள் பிறக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாக வேலை தேடுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 நிறுவனங்கள், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, ஆண்டறிக்கையோடு ஒரு பொறுப்பு அறிக்கையும் தரவேண்டும். குழந்தை விடுப்பு எடுத்தவர்களில் எத்தனை சதவீதம் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பியவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று ஆண், பெண் பிரித்து அதில் ஒரு அட்டவணை இருக்கும். சேரும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். மகளிர் தின போஸ்டரைவிட அது அதிகம் சொல்லும்.

அவள் வியாழக்கிழமை இரவு மின்னஞ்சலை அனுப்பினாள். ஒன்பது வரி. வெள்ளிக்கிழமைக் கூட்டம் ரத்தானது. திங்கட்கிழமை எச்.ஆரிடமிருந்து விடுப்புப் படிவம் இணைத்து ஒரு பதில் வந்தது, பழைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல். லேபர் ஆபீஸுக்கான புகாரைத் தட்டச்சு செய்து, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறோம். மேலாளர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. வளைகாப்புக்குப் போயிருந்தபோது விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளைச் சொன்னாள். என் வீட்டுக் காலண்டரிலும் அந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.